தட்டா, கிளாஸா? கல்லீரலுக்காக எதை முதலில் மாற்றுவது

என் தங்கையின் கணவர் மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஸ்கேன் அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தார். கல் இல்லை, ஆனால் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அறிக்கையின் பின்பக்கம் வெறுமையாக இருந்ததால், ஆளுக்கு ஒன்றாகச் சொன்னதையெல்லாம் அங்கே வரிசையாக எழுதி வைத்திருந்தார். அவருடைய அம்மா சொன்னது கீழாநெல்லி. என் தங்கை சொன்னது சைவத்துக்கு மாறுவது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் உடன் வேலை செய்பவர் சொன்னது கருப்புக் கோப்பி. கிளினிக்கில் சொன்னது எட்டுக் கிலோ குறைப்பது. கடைசியாக, அவராகவே சற்றுச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது: பீர்.

"இதில் எதை முதலில் செய்வது, மச்சான்? எல்லாவற்றையும் ஒரே நாளில் என்னால் செய்ய முடியாது" என்றார். பினாங்கு ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஓர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அவர் கையில் நுரை பொங்கும் தே தாரேக், டின் பால் ஊற்றி ஆற்றிய தேநீர். பட்டியலில் தே தாரேக் இல்லை.

வாசகர்கள் எனக்கு அனுப்பும் கேள்விகளிலும் பெரும்பாலும் இதே பட்டியல்தான். வரிசை மட்டும் மாறும். வீட்டில் யாரோ ஒருவர் கல்லீரல் புற்றுநோயில் போயிருப்பார், அல்லது ஸ்கேனில் கொழுப்பு தெரிந்திருக்கும். எதைச் சாப்பிடலாம், எதை விடலாம் என்று நாலு பேர் நாலு விதமாகச் சொல்லித் தலை சுற்றிப்போய் எழுதுவார்கள். நான் மருத்துவர் இல்லை. உணவைப் பற்றி எழுதிப் பிழைப்பவன். பெரியப்பாவை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவன். மச்சானின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்று. இந்தப் புற்றுநோயைப் பொறுத்தமட்டில், தட்டில் இருப்பதைவிடக் கிளாஸில் இருப்பதைப் பற்றித்தான் ஆராய்ச்சி உரக்கப் பேசுகிறது. நம் வீடுகளிலோ சண்டையெல்லாம் தட்டைப் பற்றியே நடக்கிறது.

## எதை வைத்து எடை போட்டேன்

முதலில் சான்று. "ஈரலுக்கு நல்லது" என்ற பேச்சு வேறு, ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து யாருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது என்று எண்ணிப் பார்ப்பது வேறு. கசப்பாக இருந்தால் ஈரலுக்கு நல்லது என்று நம்மவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் பாகற்காயும் வேப்பங்கொழுந்தும் தேறிவிடும். நான் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2018ல் வெளியிட்ட மதிப்பீட்டில், உணவு சார்ந்தவற்றில் கல்லீரல் புற்றுநோயைக் கூட்டுவதாக உறுதிப்பட்டவை மூன்று: மது, உடற்பருமன், அஃப்ளடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சு. குறைப்பதாக வலுவான சான்றுள்ளவற்றில் சேர்ந்தது ஒன்றே ஒன்று, கோப்பி. இறைச்சி, காய்கறி, பழம் எதுவும் அந்த வலுவான வரிசையில் இல்லை. எனக்கே இது வியப்பாகத்தான் இருந்தது.

அடுத்தது, யாருடைய கல்லீரல் என்பது. வைரஸ் உள்ளவர், கொழுப்பு மட்டும் உள்ளவர், ஏற்கெனவே ஈரல் சுருங்கித் தழும்பேறியவர் ஆகிய மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

மூன்றாவது, வெளியே தெரியாத செலவு. பணம் மட்டுமில்லை, ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதால் வரும் கேடும் இதில் சேரும். நான்காவதாக நான் கேட்டது: இது தீபாவளியைத் தாண்டுமா? இரண்டு கல்யாண விருந்து, ஒரு தைப்பூசம், ஒரு மாத இரவுப் பணி ஆகியவற்றுக்கு நின்று பிடிக்காத எந்த மாற்றமும் ஈரலுக்கு எட்டாது.

பில் வருவதற்குள் படித்து முடிக்க விரும்புகிறவர்களுக்கு அட்டவணை:

| தெரிவு | புற்றுநோய்ச் சான்று | வெளியே தெரியாத செலவு | யார் முதலில் இதைச் செய்யலாம் |
|---|---|---|---|
| மதுவை விடுவது | உறுதியானது | நாள்தோறும் அதிகம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து | குடிக்கும் அனைவரும்; வைரஸ் உள்ளவர் இன்றே |
| இனிப்புப் பானத்தை விடுவது | வளர்ந்துவரும் சான்று. எடை வழியாக உறுதி | ஏறக்குறைய எதுவும் இல்லை | குடிப்பழக்கம் இல்லாமல் கொழுப்பு சேர்ந்தவர் |
| கருப்புக் கோப்பி | நன்மைக்கு நல்ல சான்று | தூக்கம், படபடப்பு. சீனி நுழைந்துவிடுவது | ஏற்கெனவே கோப்பி குடிப்பவர் |
| எடை, இடுப்பளவைக் குறைப்பது | உறுதியானது | காலம், வீட்டார் ஒத்துழைப்பு | பருமன், நீரிழிவு உள்ளவர் |
| சைவத்துக்கு மாறுவது | மெலிந்தது | சோறும் பொரியலும் பெருகுவது | வாரம் முழுக்க ஆட்டிறைச்சி உண்பவர் |
| கீழாநெல்லி, மூலிகை மாத்திரை | மனிதரிடம் நிலைநாட்டப்படவில்லை | பணம், தள்ளிப்போகும் சிகிச்சை, சில மூலிகைகளால் ஈரல் கேடு | யாருக்கும் முதலில் இல்லை |

## பட்டியலில் யாரும் எழுதாத வரி

தெரிவுகளுக்குள் நுழையுமுன் ஓர் இரத்தச் சோதனை. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுவது 1989ல்தான் தேசியத் திட்டமானது. மச்சான் பிறந்தது 1981. அவர் வயதுக்காரர்கள் பலருக்கு அந்த ஊசி போடப்பட்டதே இல்லை. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் அந்த வைரஸ், நாற்பது ஐம்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் ஈரலில் குடியிருக்கக் கூடியது. நம் நாட்டில் கல்லீரல் புற்றுநோய்க்கு நெடுங்காலமாக முதன்மைக் காரணம் அதுதான்.

பெரியப்பா வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. செவ்வாயும் வெள்ளியும் சைவம். 58 வயதில் கட்டி தெரிந்தபோதுதான் வைரஸும் தெரிந்தது. உடனே நாங்கள் செய்த முதல் காரியம், அவருக்கென்று ஓர் எவர்சில்வர் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தது. கலந்துவிடக் கூடாது என்று பெரியம்மா இரண்டின் அடியிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தார். ஹெபடைடிஸ் பி சாப்பாட்டுத் தட்டால் பரவுவதில்லை. இரத்தம், உடலுறவு, பிரசவம் இவைதாம் அதன் வழிகள். சவரக் கத்தியையும் பல் துலக்கும் பிரஷையும் தனியாக வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஆறு மாதத்துக்கு அவை இரண்டும் எல்லாருடையவற்றோடும் ஒரே கோப்பையில்தான் நின்றன.

எனவே மச்சானை முதலில் அனுப்பியது ஹெபடைடிஸ் பி, சி சோதனைக்கு. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). வைரஸ் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து சோதனைக்கே போகாமல் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பி வகையை மாத்திரையால் அடக்கி வைத்துப் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்க முடியும். சி வகையைப் பெரும்பாலோரிடம் சில மாத மாத்திரையில் முற்றாக ஒழித்துவிட முடியும். விலை எட்டாத உயரத்தில் இருந்த அந்த மருந்தை மலிவாகத் தர, 2017ல் மலேசிய அரசு காப்புரிமையைத் தாண்டி உரிமம் வழங்கியது. இப்படிப்பட்ட ஒருவருக்கு உணவு மாற்றம் துணைக்கு வருமே தவிர, மாத்திரையின் இடத்தைப் பிடிக்காது. மச்சானுக்கு இரண்டும் இல்லை என்று வந்தது. பி வகைக்குத் தடுப்பூசியும் முதல் தவணை போட்டாகிவிட்டது. இனி பட்டியல்.

## பீர்

சின்ன எழுத்தில் எழுதியதுதான் எடை கூடியது. மது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1988லேயே முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. அதில் கல்லீரலும் உண்டு. மேலே சொன்ன 2018 மதிப்பீடு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 கிராம் ஆல்கஹாலுக்கு மேல் போனால் கல்லீரல் புற்றுநோய் கூடுவதைத் தெளிவாகக் காண முடிகிறது என்கிறது. ஐந்து விழுக்காட்டுப் பீர் 325 மில்லி டின் ஒன்றில் ஏறக்குறைய 13 கிராம் இருக்கும். அதாவது மூன்றரை டின்.

"அப்படியென்றால் மூன்று டின் வரை பரவாயில்லை" என்று மச்சான் உடனே கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு ஒழுங்கான ஈரலுக்கு. அதிலும் மற்ற புற்றுநோய்களை விட்டுவிட்டுப் போட்டது. கொழுப்பு படிந்த ஈரலில் மதுவும் சேர்ந்தால் இரண்டும் கைகோத்துக்கொண்டு தழும்பை விரைவாக்கும். வைரஸ் உள்ளவருக்கு ஒரு டின்கூட வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். பீர், ஸ்டவுட், கள், சம்சு எதுவானாலும் ஈரலுக்குத் தெரிவது ஆல்கஹால் ஒன்றுதான். கள் இயற்கையானது என்ற வாதத்தைத் தோட்டத்துப் பெரியவர்கள் பலரிடம் கேட்டிருக்கிறேன். ஈரல் அதைக் கேட்டதில்லை.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. பல ஆண்டுகளாக நாள் தவறாமல் அதிகம் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரை போகலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். அவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். கோயிலில் சத்தியம் செய்து வீட்டில் பூட்டி வைப்பது சரியான வழி அல்ல. இரண்டாவது செலவு சிறியது, ஆனால் நான் அடிக்கடி பார்ப்பது: பீரை விட்டவர் அதே மேசையில், அதே நண்பர்களோடு, கிளாஸில் இனிப்புப் பானத்தை ஊற்றிக்கொள்கிறார்.

## பட்டியலில் இல்லாத தே தாரேக்

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் மச்சானின் ஈரலில் படிந்ததில் பெரும்பங்கு இந்த வழியாக வந்தது என்று எனக்குச் சந்தேகம். பீர் அவருக்கு வாரக் கடைசியில் மட்டும். தே தாரேக் பசியாறும்போது ஒன்று, வேலைக்குப் போகுமுன் ஒன்று, இரவு இரண்டு மணி ஓய்வில் ஒன்று. இடையில் டின் பானம்.

ஒட்டுக்கடையில் பானம் கலக்குபவரின் கையைப் பாருங்கள். கரண்டி டின்னுக்குள் இறங்கி, பால் கயிறுபோல் தொங்கியபடி மேலே வரும். ஒரு முறை, இரண்டு முறை. கேட்காவிட்டால் அரைக் கரண்டி கூடுதலாகவும். வீட்டில் அதேபோல் இரண்டு கரண்டி டின் பாலைச் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன், 45 கிராம் காட்டியது. அதில் பாதிக்கு மேல் சர்க்கரை. அதாவது ஒரு கிளாஸில் ஐந்து டீஸ்பூனை ஒட்டிய சீனி. மூன்று கிளாஸுக்குப் பதினைந்து டீஸ்பூன், வெறும் தாளில் கொட்டிக் காட்டியபோது என் தங்கை அதைச் சீனிப் பொங்கலுக்கு எடுத்து வைத்தது என்று நினைத்துவிட்டாள்.

சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுவதும் பங்கு போட்டுக்கொள்கிறது. ஃபிரக்டோஸின் பெரும்பகுதி ஈரலுக்குத்தான் போய்ச் சேர்கிறது. அளவு மீறும்போது ஈரல் அதைக் கொழுப்பாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. பழத்தைக் கடித்துத் தின்னும்போது நார் அதை மெதுவாக்கும். பானத்தில் அந்தத் தடை இல்லை. இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடுகிறது, வயிறும் நிரம்பியதாகச் சொல்லாது.

புற்றுநோய்ச் சான்று எவ்வளவு? அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்கள் ஏறத்தாழ 99,000 பேரை இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2023ல் வெளியானது. நாள்தோறும் ஒன்று அல்லது அதற்கு மேல் இனிப்புப் பானம் குடித்தவர்களுக்கு, மாதம் மூன்றுக்கு மேல் குடிக்காதவர்களைவிடக் கல்லீரல் புற்றுநோய் அபாயம் 85 விழுக்காடு அதிகமாகத் தெரிந்தது. இந்த எண்ணைக் கேட்டு யாரும் நாற்காலியிலிருந்து விழ வேண்டாம்: ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 10 பேருக்கு வந்தது, 18 பேருக்கு வந்திருக்கிறது. அவர்கள் அமெரிக்கப் பெண்கள், நாம் பினாங்குக்காரர்கள். பானம்தான் காரணம் என்று இந்த ஒரே ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனால் பானத்திலிருந்து கொழுப்பு, கொழுப்பிலிருந்து அழற்சி, அழற்சியிலிருந்து தழும்பு என்ற பாதை மற்ற ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது. அதனால்தான் அட்டவணையில் "வளர்ந்துவரும் சான்று" என்று எழுதினேன்.

இந்தத் தெரிவுக்கு நான் அதிக மதிப்பெண் போடுவதற்குக் காரணம் சான்று மட்டுமில்லை, செலவே இல்லாததும்தான். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் கேட்டால் பில்லும் குறைகிறது. சமையலறையில் யாருக்கும் கூடுதல் வேலை இல்லை, மாமியார் மருமகள் பேச்சு இல்லை. அரசாங்கம் 2019 ஜூலையிலிருந்து நூறு மில்லிக்கு ஐந்து கிராமுக்கு மேல் சீனி உள்ள ஆலைப் பானங்களுக்கு வரி போடுகிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் சீனிக்கு எதிராகப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவருகிறது. ஆனால் கண்ணெதிரே கலக்கித் தரும் கிளாஸை அந்த வரி தொடாது. அங்கே காவல் உங்கள் வாய்தான். முதல் இரண்டு வாரம் "கூராங் மானிஸ்" (இனிப்புக் குறைவாக), பிறகு "கோசோங்". சிராப் பண்டுங், மைலோ ஐஸ், சீனிப் பாகு ஊற்றிய ஜூஸ் எல்லாம் இதே கணக்கில்தான் வரும்.

## கருப்புக் கோப்பி

உடன் வேலை செய்பவர் சொன்னது வேடிக்கைப் பேச்சில்லை. நமக்கு அண்டை வீடான சிங்கப்பூரில் 63,000 சீனர்களை 1990களிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வில், நாளுக்கு மூன்று கோப்பை அல்லது மேலாகக் கோப்பி குடித்தவர்களிடம், குடிக்காதவர்களைவிடக் கல்லீரல் புற்றுநோய் 44 விழுக்காடு குறைவாக இருந்தது. நாம் குடிக்கும் அதே ஒட்டுக்கடைக் கோப்பிக் கலாசாரம்தான் அங்கும் என்பதால் இந்த ஆய்வு எனக்கு ஐரோப்பிய எண்களைவிட நெருக்கமாகப் படுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் இதே திசையைத்தான் காட்டுகிறார்கள். தேநீருக்கு இந்த அளவு சான்று இல்லை. தேநீர்ப் பிரியனான எனக்கு அது ஒரு வருத்தம்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? "கோப்பி ஓ" என்று மட்டும் சொன்னால் பால் வராது, சீனி வரும். நம் ஊர்ப் பாரம்பரியக் கோப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பதே வழக்கம். அதனால் கோசோங்கிலும் துளி இனிப்பு இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மூன்றும் கலந்த பொட்டலக் கோப்பி வேறு கதை. பொட்டலத்தின் பின்னால், எது அதிகமோ அது முதலில் என்ற வரிசையில் சேர்பொருள்கள் அச்சாகியிருக்கும். கோப்பி பெரும்பாலும் சீனிக்கும் கிரீமருக்கும் பிறகுதான் வரும். ஒயிட் கோப்பி என்ற பெயரில் இரண்டு பொட்டலம் குடித்துவிட்டு ஈரலைக் காத்ததாக நினைக்கக் கூடாது.

படபடப்பு, தூக்கமின்மை, நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது முதல் தெரிவு அல்ல. கோப்பியே பிடிக்காதவர் மருந்துபோல் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கத் தொடங்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். மச்சானைப் போல் இரவுப் பணியில் எதையாவது குடித்தே ஆக வேண்டியவருக்கு இது கச்சிதம்: தே தாரேக் போன இடத்தில் கோப்பி ஓ கோசோங். ஒரே கிளாஸில் இரண்டு மாற்றம்.

## எட்டுக் கிலோ

கிளினிக்கில் சொன்னது சரி. ஆனால் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள் என்பதுதான் மச்சானின் குறை. உடல் எடையில் ஐந்து விழுக்காடு குறைந்தால் ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். ஏழிலிருந்து பத்து விழுக்காடு குறைந்தால் அழற்சி தணியும். பத்தைத் தாண்டினால் தழும்புகூடப் பின்வாங்கலாம். அவர் எடை 84. எனவே நான்கு கிலோவிலேயே பலன் தொடங்குகிறது என்று சொன்னபோது அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ பருமனோ உள்ளவர்கள். நீரிழிவு இந்தியரிடையே மற்ற இனத்தவரைவிட அதிகம். நீரிழிவு மட்டுமே கல்லீரல் புற்றுநோய் அபாயத்தை ஏறக்குறைய இரு மடங்காக்குகிறது. நம்மவர்களுக்கு எடையைவிட இடுப்பளவு நல்ல அடையாளம்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே போகும் உடல்வாகு நம்முடையது.

தட்டு இங்கேதான் கதைக்குள் வருகிறது. சோறு விஷமில்லை. ஆனால் நாசி கண்டார் கடையில் சோற்றுக் குன்றின்மேல் மூன்று வகைக் குழம்பைக் கலந்து "பஞ்சிர்" (வெள்ளம்) செய்து வாங்கும்போது, சோறு ஒரு தட்டு, எண்ணெய் இன்னொரு தட்டு. பாதிச் சோறு, குழம்பு ஓரமாக, வெண்டைக்காயும் அவித்த முட்டையும் கூட என்று கேட்டால் யாரும் முறைப்பதில்லை. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். செலவு என்றால், இது தனியாளாகச் செய்யக்கூடியதில்லை. வீட்டில் ஒரே பானைதான் பொங்குகிறது. நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைச் சடாரென்று வெட்டினால் இரத்தத்தில் சர்க்கரை விழுந்துவிடும். மாதத்தில் பத்துக் கிலோ என்று பட்டினி கிடப்பதும் வேண்டாம். எடை மிக வேகமாக இறங்கினால் பித்தக்கல் வரும், மச்சான் எதைத் தேடிப் போனாரோ அதுவே.

## சைவம்

என் தங்கைக்கு இது பிடிக்காது என்றாலும் எழுதுகிறேன். இறைச்சியை விட்டதால் கல்லீரல் புற்றுநோய் குறையும் என்பதற்குச் சான்று மெலிந்தது. பதப்படுத்திய இறைச்சிக்குப் புற்றுநோய் முத்திரை விழுந்தது பெருங்குடலின் பேரில். சைவம் என்ற சொல்லுக்குள் பருப்பும் கீரையும் உண்டு. அப்பளம், வடை, பாயசம், பொரித்த சோயா ஆட்டுக்கறியும் உண்டு. இரண்டாவது வகைச் சைவத்தில் ஈரல் ஒன்றும் இளைக்காது. வாரம் நான்கு நாள் ஆட்டுக்கறி, ஞாயிறு நாசி கண்டார் என்று போகிறவர் பருப்புக்கும் மீனுக்கும் காய்க்கும் மாறினால் எடை வழியாக நிச்சயம் பலன் உண்டு. பக்திக்காக இருப்பவர் தாராளமாக இருக்கட்டும். அது வேறு கணக்கு.

## கீழாநெல்லி

மச்சானின் அம்மாவான அத்தையிடம் இதைச் சொல்வதற்கு எனக்குத் துணிச்சல் வர இரண்டு நாள் ஆயிற்று. கீழாநெல்லிக்குப் பின்னால் வெறும் பாட்டி வைத்தியம் மட்டும் இல்லை என்பது உண்மை. 1988ல் சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியிட்ட முடிவில், கீழாநெல்லி எடுத்த ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்ததாகச் சொன்னார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. இன்றுவரை அது புற்றுநோயைத் தடுக்கும் என்று மனிதரிடம் நிலைநாட்டப்படவில்லை.

மோரில் அரைத்துக் கலந்த ஒரு பிடி இலையால் மச்சானுக்குக் கேடு வரும் என்று நான் நினைக்கவில்லை. கேடு வேறு வடிவத்தில் வருகிறது: "ஈரல் சுத்தம்" என்ற பெயரில் நூற்றுக்கணக்கான வெள்ளிக்கு விற்கும் மாத்திரையும் சூரணமும். கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்துக் கல்லீரல் அழற்சி வந்தவர்களை மும்பை மருத்துவர்கள் 2021ல் பதிவு செய்தார்கள். மிளகுச் சாறு சேர்த்துச் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரையாலும், பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரையாலும் ஈரல் கெட்டவர்கள் உண்டு. குழம்பில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை. கடையில் எதை வாங்கினாலும் எம்.ஏ.எல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது பதிவானது என்பதற்குத்தான் அடையாளம், குணமாக்கும் என்பதற்கில்லை. ஆக, இந்தத் தெரிவின் பெரிய செலவு காலம். ஆறு மாதம் கஷாயம் குடித்துப் பார்க்கலாம் என்று கிளினிக் தவணையைத் தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும்.

## நடுவே கொஞ்சம் கச்சாங் பூத்தே (கடலைப் பொட்டலம்)

உறுதிப்பட்ட மூன்றில் ஒன்றான பூஞ்சை நஞ்சைப் பற்றி மச்சானிடம் யாருமே சொல்லவில்லை. ஈரப்பதத்தில் வைத்த நிலக்கடலை, சோளம், மிளகாய் இவற்றில் வளரும் பூஞ்சை விடும் நஞ்சுதான் அஃப்ளடாக்ஸின். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுவதும் அழியாது. 1994ல் வெளியான ஷாங்காய் ஆய்வில், ஹெபடைடிஸ் பி மட்டும் இருந்த ஆண்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ 7 மடங்கு, இந்த நஞ்சு மட்டும் உடலில் ஏறியவர்களுக்கு 3 மடங்கு; இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 60 மடங்கை ஒட்டிப் போனது. ஒரே தடவையில் அளவு மீறி ஏறினால் என்ன ஆகும் என்பதை 1988ல் பேராக்கில் பார்த்தோம்: நஞ்சேறிய நூடுல்ஸைச் சாப்பிட்ட 13 குழந்தைகள் ஈரல் செயலிழந்து இறந்தார்கள்.

கடலையை விட வேண்டியதில்லை. சின்னப் பொட்டலமாக வாங்குங்கள்; பினாங்கு ஈரக்காற்றில் திறந்து வைக்காதீர்கள்; சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதையும் வாயிலிருந்தானாலும் துப்பிவிடுங்கள். காசு கொடுத்ததாயிற்றே என்று சட்னியில் போடாதீர்கள்.

## இந்த ஒப்பீடு பொருந்தாதவர்கள்

ஈரல் ஏற்கெனவே சுருங்கிவிட்டது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், மேலே எட்டுக் கிலோ பற்றி எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்குத் தசை கரைவதுதான் பெரிய ஆபத்து. முட்டை, மீன், பருப்பு குறையக் கூடாது; இரவு நெடுநேரம் வயிறு காயக் கூடாது என்பதால் படுக்குமுன் சிறிது சாப்பிடச் சொல்வார்கள்; வயிற்றில் நீர் கோத்திருந்தால் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். சார் குவே தியாவ் நூடுல்ஸில் அரைவேக்காட்டில் போடும் கெராங் சிப்பி அவர்களுக்கு ஆகவே ஆகாது. ஒழுங்கான ஈரல் தாங்கும் கிருமி அவர்களைச் சாய்த்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் தவறக் கூடாது. வைரஸ் உள்ளவர்களில் பலருக்கும் இதே தவணைதான்.

மச்சான் இப்போது இரண்டு மாதமாகக் கோப்பி ஓ கோசோங். முதல் வாரம் ஒவ்வொரு மடக்குக்கும் முகம் சுளித்தார். பீர் வாரம் நாலிலிருந்து சுழிக்கு வந்துவிட்டது என்று அவர் சொல்கிறார். தங்கை ஒன்று என்கிறாள். எடை மூன்று கிலோ இறங்கியிருக்கிறது. அத்தையின் கீழாநெல்லி மோரை வெள்ளிக்கிழமை மட்டும் குடிக்கிறார், வீட்டு அமைதிக்காக.

பெரியப்பாவுக்கு நாங்கள் செய்தது நேர்மாறு. பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று நாலு மாதம் வெறும் கஞ்சி. முட்டை கேட்டால் ஈரலுக்குச் சூடு என்று மறுத்தோம். கன்னமும் தோளும் ஒட்டிப்போய் வார்டில் படுத்திருந்தபோது உணவியல் பிரிவிலிருந்து வந்த ஓர் இளம்பெண் எங்கள் கஞ்சித் தூக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "இவருக்கு முட்டை கொடுங்கள், இரண்டாகவே கொடுங்கள்" என்றார். மறுநாள் பெரியம்மா அவித்து, உரித்து, மிளகு தூவி எடுத்துப்போனார், அந்தச் சிவப்புப் புள்ளி வைத்த தட்டில். இரண்டையும் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார் பெரியப்பா.